கோகனட் ஷை

ஷெஃபீல்டில் மார்ச் வெயிலை யாரும் நம்புவதில்லை.
முக்பில் கோட்டைக் கழற்றவில்லை,
ஒரு பொத்தானைக்கூட.
டாக்ஸிச் சாவியை உள்ளங்கையில் அழுத்தியபடி
தரையின் நீலக் கோடு எங்கே போகிறதென்று
பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் பிராம்லி கனிவானவர்.
இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்றார்.
கேட்டேன். பதிலில்லை.
மனைவியோடு எப்படி என்றார்.
கேட்டேன், எனக்கே கேட்காத குரலில்.
“ஷையாக இருக்க வேண்டாம்” என்றார்.

அந்த ஒரு சொல்.
பத்தொன்பது வருடமாக
வாடகைப் பாக்கி, ரத்தப் பரிசோதனை, பள்ளிக்கூடக் கடிதம்
எல்லாவற்றையும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குச் சுமந்தவள் நான்.
இது மட்டும் நிலைப்படியில் இடிக்கிறது.

‘கஜ்லான்’ என்று சொல்லலாம்.
பழைய அகராதியைப் புரட்டினால் அதற்குள்
சேற்றில் கால் புதைந்து
எந்தக் காலை முதலில் உருவுவதென்று தெரியாத
ஒட்டகம் நிற்கிறது.
ஆங்கிலச் சொல்லுக்குள் குதிரை.
பறக்கும் காகிதத்துக்கு மிரண்டு
சட்டென்று பக்கவாட்டில் பாயும்.
நிற்பதையும் பாய்வதையும்
ஒரே கயிற்றில் கட்ட
எனக்கு மணிக்குப் பதினெட்டு பவுண்டு.

‘ஹயா’ வேண்டாம் என்று மட்டும் சொல்ல முடியாது.
இப்பில், என் அம்மாவின் தெருவில்,
ஹயா இல்லாதவனே என்பது
கதவை அறைந்து சாத்தும் வசவு.
ஹயாத் பிறந்த வேரில் பிறந்த சொல் அது;
மழைக்கும் ஒரு காலத்தில் அந்தப் பெயர்.
உயிர் வேண்டாம், மழை வேண்டாம் என்று
ஒரு நோயாளியிடம் எப்படிச் சொல்வேன்?

“தயங்க வேண்டாம் என்கிறார்” என்றேன்.
பாதிப் பொய்.

முக்பில் முதல்முறையாக நிமிர்ந்தார்.
“டாக்டரிடம் எனக்கென்ன தயக்கம், சகோதரி?
நீங்கள் என் மனைவி ரொட்டி வாங்கும் கடையில்
ரொட்டி வாங்குகிறவர்.
எனக்கு ஹயா உங்கள் முன்னால்தான்.”

பேசுகிறவர் நான் என்றால்
நானும் நான் என்றே சொல்ல வேண்டும். விதி.
“இந்த மொழிபெயர்ப்பாளர் முன்னால்
நான் ஷையாக இருக்கிறேன்” என்றேன்.
காது மடல் சுட்டது.
டாக்டரின் பேனா
எந்த நானைக் குறிப்பதென்று
காகிதத்துக்கு மேலே நின்றது.

நாற்காலியைத் திருப்பிக்கொண்டேன்.
கிறீச்சென்றது.
ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில்
ஈஸ்டர் சந்தைக்குக் கொட்டகை போடுகிறார்கள்.
சிவப்பு எழுத்தில் ஒரு பலகை: கோகனட் ஷை.

பதினோரு வயதில், இந்த ஊருக்கு வந்த புதிதில்,
அப்படியொரு கொட்டகை முன் வெகுநேரம் நின்றிருக்கிறேன்.
கம்பங்களின் மேல் ஐந்து தேங்காய்கள்.
மயிர் மூடிய முகங்கள்.
எதற்கு இவற்றுக்குக் கூச்சம்?
பந்தை விட்டெறிவதற்கும்
இங்கே அதே சொல்தான் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதுகுக்குப் பின்னால் குரல் எழுந்தது, மெல்ல.
நான் கண்ணாடியிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்:
நான் இரவில் ஆறு முறை எழுகிறேன்.
ஒரு வருடமாகத் தனியே படுக்கிறேன்.
ஏனென்று அவள் கேட்டதில்லை.
எனக்குப் பயமாக இருக்கிறது.
ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கண்ணாடியில் ஆவி படர்ந்து
ஒரு தேங்காயாக மறைந்தது.

போகும்போது கதவிடம் சொன்னார்:
“அல்லாஹ் உங்கள் முகத்தை வெண்மையாக்கட்டும்.”

சனிக்கிழமை ரொட்டிக் கடையில்
அவர் மனைவி கையசைத்துக் கூப்பிட்டாள்.
பேரீச்சம்பழ அடுக்கைத் தாண்டி என்னைக் கண்டதும்
முக்பில் சட்டென்று பக்கவாட்டில் பாய்ந்தார்.
நான், இது என்னுடைய நான்,
மாவு மூட்டை அருகே நின்றேன்,
எந்தக் காலை முதலில் உருவுவதென்று தெரியாமல்.